ஹாலோவீன் பார்ட்டிக்கு ஊதா, பச்சை, கறுப்பு காக்டெயில்: 20 பேருக்கு எப்படிப் பண்றது?

எடிசன்வாசி கேட்டது:

அக்டோபர் 31 சாயங்காலம் அபார்ட்மெண்ட்லயே பார்ட்டி. பெரியவங்க 20 பேர், பிள்ளைங்க எட்டு பேர். இடம் நியூ ஜெர்சி. ஊத்திக் கொடுக்கத் தனியா ஆள் கிடையாது, அதனால மூணே மூணு டிரிங்க்: நிறம் மாறுற ஊதா ஒண்ணு, பேய்ப்பச்சை பஞ்ச் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. தெளிவு வேணும்னு கேக்குறது இவ்வளவுதான்:

சங்குப்பூ ஊறவெச்ச ஜின்னோட டானிக் வாட்டர் சேர்த்தா அந்த நொடியே ஊதா ஆயிடுது. விருந்தாளி கண் முன்னாடி மாற வைக்க எந்த வரிசையில ஊத்தணும்? ப்ளூ குராசோவையும் (நீல நிற ஆரஞ்சு மதுபானம்) கிரான்பெரி ஜூஸையும் கலந்து ஊதா எடுக்கலாம்னு நிறைய இடத்துல போட்டிருக்காங்க, ஆனா வர்றது சேத்துத் தண்ணி நிறம். ஏன்? கறுப்புக்கு ஆக்டிவேட்டட் சார்கோல் பொடி சேர்க்கலாமா? கடைசியா, ட்ரை ஐஸ் (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) துண்டை கிளாஸ்லயே போடலாமா, இல்ல பஞ்ச் பௌல்ல மட்டும்தானா?

எலுமிச்சைத்தோல் பதில்:

முதல் ரெண்டு கேள்விக்கு நான் சொல்றேன்.

சங்குப்பூவோட நீலம் ஆந்தோசயனின் வகை நிறமி. புளிப்பு ஏறினா ஊதாவாகும், இன்னும் ஏறினா இளஞ்சிவப்புப் பக்கம் போகும். சோடா உப்பு பட்டா பச்சை. டானிக் வாட்டர்ல சிட்ரிக் ஆசிட் இருக்கு, அதனாலதான் உடனே மாறிடுது. சாதா கிளப் சோடாவோட புளிப்பு ரொம்பக் குறைவு, அதுல நீலம் பெரும்பாலும் நீலமாவே நிக்கும். டானிக்கை விட்டுட்டு கிளப் சோடா வாங்குங்க, பாதிப் பிரச்சினை அங்கயே தீர்ந்துடும்.

750 மி.லி. ஜின்னுக்குக் காய்ஞ்ச சங்குப்பூ ரெண்டு டேபிள்ஸ்பூன். அறை வெப்பத்துல ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறவிட்டா நிறம் பெருசா கூடாது, பச்சைப் பயறு வேகுற மாதிரி ஒரு வாசம்தான் ஏறும். பூவை வடிகட்டும்போது பிழியாதீங்க, கலங்கிடும். வெளிச்சத்துல வெச்சா நாளாக நாளாக நிறம் மங்கும், அதனால முதல் நாள் ராத்திரி பண்ணி அலமாரிக்குள்ள வெச்சா போதும்.

பரிமாறும் வரிசை: உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், நீல ஜின் 45 மி.லி., கிளப் சோடா 60 மி.லி. இது நீலமாவே இருக்கும். எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20 (சர்க்கரையும் தண்ணியும் சம அளவு) கலந்து ஒரு குட்டி ஷாட் கப்ல பக்கத்துல வைங்க. விருந்தாளியே அதை ஊத்தட்டும். பாகு சேர்ந்ததால அந்தக் கலவை கனம், நேரா அடியில இறங்கும். முதல்ல அடி ஊதா, மேல நீலம், நடுவுல ரெண்டும் கலந்த ஒரு பட்டை. கலக்கினா முழுசும் ஊதா. பாகு இல்லாம வெறும் எலுமிச்சை ஊத்தினா இந்தப் படிப்படியான மாற்றம் கிடைக்காது, மேலேயே கலந்துடும். ஐஸை கிளாஸ் விளிம்பு வரைக்கும் நிரப்புறதும் இதுக்காகத்தான், கலவை மெதுவா வழிஞ்சு இறங்கும்.

ப்ளூ குராசோ விஷயம்: அதுல இருக்கிற நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயுற நீலச் சாயம். ஊதா வரணும்னா அதோட சேர்ற சிவப்பு ரோஸ் பக்கம் இருக்கணும். கிரான்பெரி ஜூஸோட சிவப்புல பழுப்பும் மஞ்சளும் உண்டு. நீலத்தோட மஞ்சளும் சிவப்பும் ஒண்ணாச் சேர்ந்தா மண் நிறம்தான். ஆரஞ்சு ஜூஸோ கலங்கலான எலுமிச்சைச் சாறோ சேர்ந்தா இன்னும் மோசம். உங்ககிட்ட சங்குப்பூ இருக்கும்போது குராசோவை ஊதாவுக்குத் தேடவே வேண்டாம்.

எல்லாரும் மறக்குற ஒண்ணு, வெளிச்சம். ஹாலோவீன்னா ஆரஞ்சு பல்பு மாட்டுவாங்க. ஆரஞ்சு வெளிச்சத்துல நீலம் கறுப்பாத் தெரியும், உங்க நிற மாற்றம் யார் கண்ணுக்கும் படாது. டிரிங்க் மேசைக்கு மேல மட்டும் ஒரு வெள்ளை விளக்கு போடுங்க. கிளாஸுக்குக் கீழ இருந்து அடிச்சா இன்னும் நல்லது.

மூணாவது டம்ளர் பதில்:

கறுப்பு டிரிங்க்குக்கு சார்கோல் வேண்டவே வேண்டாம். விஷம் சாப்பிட்டவங்களுக்கு ஆஸ்பத்திரியில கொடுக்குற பொருள் அது. வயித்துல இருக்கிறதைத் தன்மேல ஒட்ட வெச்சுக்கும், அதுதான் அதோட வேலை. வந்தவங்கள்ல யாராவது பிரஷர் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ போட்டிருந்தா அதையும் சேர்த்து இழுத்துக்கும். யார் என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு வாசல்ல நின்னு கேக்க முடியாது. உங்க பக்கத்து நியூயார்க் நகரத்துல 2018லயே சுகாதாரத்துறை உணவகங்கள்ல இதைத் தடுத்துடுச்சு.

அதுக்குப் பதில் கேக்குக்குப் போடுற கறுப்பு ஜெல் கலர். 750 மி.லி. வோட்காவுக்கு கால் டீஸ்பூன்ல ஆரம்பிங்க. நேரா பாட்டில்ல போட்டா அடியில கட்டியா ஒட்டிக்கும். 50 மி.லி. வோட்காவுல முதல்ல நல்லாக் கரைச்சு, மெல்லிசு வடிகட்டியில விட்டு, அப்புறம் மீதியோட சேருங்க. வெள்ளைக் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் ஊத்திப் பாருங்க. ஓரத்துல பச்சையோ ஊதாவோ தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் ஜெல் வேணும். ஆனா அளவு மீறினா கசப்பு வரும், எல்லார் பல்லும் கறுக்கும்.

இந்த வோட்காவை ஜூஸோட கலந்தா சாக்கடை நிறம் வரும். அடுக்காத்தான் வைக்கணும். கிளாஸ்ல ஐஸ், அதுமேல ஆரஞ்சு ஜூஸ் 90 மி.லி., சர்க்கரைப் பாகு 15 மி.லி. நல்லாக் கலக்குங்க. அப்புறம் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, அதோட முதுகு ஐஸைத் தொடுற மாதிரி பிடிச்சு, கறுப்பு வோட்கா 45 மி.லி.யை நூலா ஊத்துங்க. ஜூஸ் தண்ணியை விடக் கனம், 40 சதவீத வோட்கா தண்ணியை விட லேசு, அதனால மேலயே நிக்கும். கீழே ஆரஞ்சு, மேலே கறுப்பு, ஹாலோவீனோட ரெண்டு நிறமும் ஒரே கிளாஸ்ல. அடுக்கு உடையுதுன்னா காரணம் ரெண்டுதான்: வேகமா ஊத்துறது, இல்லன்னா ஸ்பூனை உயரத்துல பிடிக்கிறது. குடிக்கிறதுக்கு முன்னாடி கலக்கச் சொல்லுங்க, இல்லன்னா முதல் வாய் வெறும் வோட்கா.

ரத்தம் வழியுற விளிம்பு இதுக்குப் பிரமாதமாப் பொருந்தும். கார்ன் சிரப் அரை கப், சிவப்பு ஜெல் அரை டீஸ்பூன், கோக்கோ பொடி ஒரு சிட்டிகை. கோக்கோ இல்லாம வெறும் சிவப்புன்னா மிட்டாய் நிறமா இருக்கும், அது சேர்ந்தாத்தான் உறைஞ்ச ரத்த நிறம் வரும். காய்ஞ்ச கிளாஸைக் கவிழ்த்து விளிம்பைத் தோய்ச்சு, நிமிர்த்தி, ஒரு நிமிஷம் வழிய விடுங்க. பிறகு ஃப்ரீஸர்ல வைங்க, சிரப் இறுகி அந்த நிலையிலேயே நிக்கும். கிளாஸ்ல ஈரம் இருந்தாலும் சிரப்புல தண்ணி சேர்ந்தாலும் மொத்தமும் அடிக்கு வந்து மேசை பிசுபிசுன்னு ஆயிடும்.

புகைமூட்டம் பதில்:

ட்ரை ஐஸ் கிளாஸுக்குள்ள கூடாது. குட்டித் துண்டும் கூடாது, "கரைஞ்சப்புறம் குடிங்க"ன்னு சொல்லிக் கொடுக்குறதும் கூடாது. இருட்டு ரூம்ல, பேசிக்கிட்டே குடிக்கிறவங்க கிளாஸுக்குள்ள குனிஞ்சு பார்க்க மாட்டாங்க. அது மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். வாய்ல பட்டா அந்த இடம் உறைஞ்சு புண்ணாகும். முழுங்கினா உள்ளே வாயுவாப் பெருகிக் குடலையே கிழிக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2018ல இதைப் பத்தியும் எச்சரிக்கை விட்டிருக்கு.

புகை வேணும்னா ரெண்டு பௌல் முறை. பெரிய பௌல்ல வெந்நீர், அதுக்கு நடுவுல பஞ்ச் இருக்கிற சின்ன பௌல். ட்ரை ஐஸ் வெளிப்பக்க வெந்நீர்ல மட்டும். பஞ்ச்ல ஒரு துண்டும் விழக்கூடாது, கரண்டியும் அங்க போகக்கூடாது. பார்க்கிறதுக்கு பஞ்சே கொதிக்கிற மாதிரி இருக்கும். இந்தப் புகை வெந்நீர்ல இருந்து வர்ற நீராவி குளிர்ந்து உண்டாகுற மூட்டம்தான், அதனால தண்ணி சூடா இருந்தாத்தான் அடர்த்தி. தண்ணி ஆறினதும் புகை அடங்கிடும், கட்டி மேல ஐஸ் பூத்துடும். பாதித் தண்ணியை இறைச்சு மறுபடி வெந்நீர் ஊத்துங்க. ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியதில்ல. எல்லாரும் வந்து சேர்ந்ததும் ஒரு தடவை, போட்டோ எடுக்கும்போது ஒரு தடவை, அது போதும்.

அபார்ட்மெண்ட்னு சொன்னதால ஒரு கணக்கு. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவா, 450 கிராம் ட்ரை ஐஸ் முழுசும் ஆவியானா கிட்டத்தட்ட 250 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. நாலுக்கு நாலு மீட்டர், ரெண்டரை மீட்டர் உயரம்னா ரூம் 40 கன மீட்டர். ஜன்னலைச் சாத்தி வெச்சா இந்த ஒரு கட்டியே காத்துல 0.6 சதவீதம் ஆகுது. எட்டு மணி நேர வேலை இடத்துக்கு அமெரிக்கால வெச்சிருக்கிற வரம்பே 0.5 தான். அதுவும் அது கனமான வாயு, தரையோரம் தேங்கும். தரையில விளையாடுற பிள்ளைங்களும் நாய், பூனையும்தான் முதல்ல சுவாசிப்பாங்க. மேசையை ஜன்னலோரம் போட்டு ஜன்னலைத் திறந்து வைங்க.

வாங்குறது அன்னிக்கே வாங்குங்க, வீட்டு ஃப்ரீஸர்ல நிக்காது. தெர்மோகோல் பெட்டியில, மூடியை இறுக்காம. இறுக மூடின ஃபிளாஸ்க்லயோ பாட்டில்லயோ வெச்சா வெடிக்கும். கார்ல கொண்டு வரும்போது கண்ணாடியை இறக்கி விடுங்க. கையால தொடாதீங்க, இடுக்கியும் தடிமனான கையுறையும் வேணும். மிச்சம் இருந்தா சிங்க்ல கொட்டாதீங்க, குழாய் விரிஞ்சிடும். பால்கனியில, பிள்ளைங்களுக்கு எட்டாத இடத்துல, திறந்த பெட்டியில விட்டா தானா மறைஞ்சிடும்.

பஞ்ச்பானை பதில்:

பச்சை பஞ்ச் 20 கிளாஸுக்கு: மிடோரி (பச்சை நிற முலாம்பழ மதுபானம்) 600 மி.லி., வோட்கா 600, அன்னாசி ஜூஸ் 1.2 லிட்டர், எலுமிச்சைச் சாறு 400 மி.லி. மிடோரி, வோட்கா ரெண்டும் 750 பாட்டில் ஒவ்வொண்ணு போதும். அன்னாசியோட மஞ்சள் பச்சையை வெளிற வைக்கும், அதைச் சரிக்கட்ட ப்ளூ குராசோ 40 மி.லி. சேருங்க, இங்கதான் அதுக்கு வேலை. 10 மி.லி. 10 மி.லி.யா ஊத்தி நிறம் பார்த்து நிறுத்துங்க. எலுமிச்சையை அன்னிக்குப் பிழியணும், முதல் நாள் பிழிஞ்சது மந்தமாப் போயிடும்.

குலுக்காம பரிமாறுறதால ஐஸ் உருகிச் சேர வேண்டிய தண்ணியை நீங்கதான் சேர்க்கணும், இல்லன்னா நாக்கைச் சுடும். எல்லாத்தையும் முன்கூட்டியே குளிர வெச்சு, 300 மி.லி. குளிர்ந்த தண்ணி ஊத்துங்க. மீதியை பஞ்ச்ல மிதக்க விடுற ஐஸ் கை (கையுறையில உறைய வெச்ச ஐஸ்) உருகிப் பார்த்துக்கும். ஒரு கிளாஸ்ல மிடோரி 30, வோட்கா 30 விழுது. கணக்குப் போட்டா 14 கிராம் ஆல்கஹால், அமெரிக்கால ஒரு டிரிங்க்னு சொல்ற அளவு. மேல இருக்கிற ரெண்டுலயும் 45 மி.லி. 40 சதவீதம்தான், அதுவும் அதே அளவு. எதைக் குடிச்சாலும் ஒண்ணு ஒண்ணாவே எண்ணலாம், வண்டி ஓட்டப் போறவங்களுக்கு எண்ணிக்கை தப்பாது.

ஐஸ் கைக்கு பவுடர் இல்லாத, உணவுக்கு ஏத்த நைட்ரைல் கையுறை. லேடெக்ஸ் வேண்டாம், சிலருக்கு அலர்ஜி. உள்ளும் புறமும் கழுவி, தண்ணி ஊத்தி, மணிக்கட்டுல முடிச்சுப் போட்டு, தட்டுல படுக்க வெச்சு ஒரு நாள் உறைய விடுங்க. உரிக்கும்போது இழுத்தா விரல் உடையும். ஓடுற தண்ணியில சில நொடி காட்டிட்டு, கத்தரியால ஒவ்வொரு விரலா வெட்டி எடுங்க. ரெண்டு கை பண்ணி வைங்க, ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்.

கண் முழிக்கு டின் லிச்சி. தண்ணியை நல்லா வடிச்சு, குழியில துளி ஸ்ட்ராபெரி ஜாம், அதுமேல ஒரு ப்ளூபெரி, தட்டுல பரப்பி ஃப்ரீஸர். பஞ்ச்ல போட்டா பச்சைக்குள்ள வெள்ளை முழி மிதக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு முழுசாக் கொடுக்காதீங்க, தொண்டையில சிக்குற அளவுதான் அது. நாலா வெட்டிக் கொடுங்க.

மினுமினுப்புத் தூள் வாங்கினா டப்பாவுல "உண்ணத்தக்கது"ன்னு இருக்கணும், சேர்மானப் பட்டியலும் இருக்கணும். "நச்சில்லாதது"ன்னு மட்டும் போட்டிருந்தா அது அலங்காரத்துக்கு, வாய்க்கு இல்ல.

பிள்ளைங்களுக்கும் அதே நிற மாற்றத்தைக் காட்டலாம். ரெண்டு டேபிள்ஸ்பூன் சங்குப்பூவை 300 மி.லி. வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறவெச்சு வடிகட்டுங்க. ஆறினதும் கப்புக்கு 30 மி.லி., மேல தண்ணியோ கிளப் சோடாவோ, பக்கத்துல எலுமிச்சைப் பாகு. மேசை வேற ரூம்ல இருக்கட்டும், கப்பும் வேற வடிவம். பச்சை பஞ்ச் குழந்தை கண்ணுக்கு ஜூஸ்தான், அதனால அந்த பௌல் பக்கத்துல எப்பவும் பெரியவங்க ஒருத்தர் நிக்கணும்.

எடிசன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பட்டியல் போட்டாச்சு, சார்கோல் எடுத்தாச்சு. டானிக் வாட்டர் ஏற்கனவே ஆறு பாட்டில் வாங்கி வெச்சிருக்கு. பிளாக்லைட்ல (புற ஊதா விளக்கு) டானிக் ஒளிரும்ங்கிறாங்களே, அதை சங்குப்பூ ஜின்னோட சேர்த்து ஊதாவா ஒளிர வைக்க முடியுமா?

எலுமிச்சைத்தோல் பதில்:

முடியாது, நிறமி வெளிச்சத்தை முழுங்கிடும், மங்கலாத்தான் தெரியும். டானிக்ல ஒளிர்றது அதுக்குக் கசப்பு தர்ற குயினின், அதுக்கு நிறம் இல்லாத துணைதான் ஏத்தது. ஐஸ், சாதா வோட்கா 45, டானிக் 120, ஒரு எலுமிச்சைத் துண்டு. பளிச்னு நீலம் வரும். டயட் டானிக்லயும் குயினின் உண்டு, அதுவும் ஒளிரும். விளக்கு 365 நானோமீட்டர்னா நல்லா எடுக்கும், மலிவான 395 பல்புல ஊதா வெளிச்சம்தான் அதிகம் தெரியும். இந்தக் கிளாஸ் விளிம்புல உப்பு வைக்காதீங்க. உப்புல இருக்கிற குளோரைடு குயினினோட ஒளியை அணைச்சிடும், உப்பு கரைஞ்சு இறங்குற இடமெல்லாம் இருண்டு போகும். சர்க்கரை விளிம்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் குயினின் ஒத்துக்காதவங்களுக்கும் அது டானிக்னு சொல்லிட்டுக் கொடுங்க. பிள்ளைங்க மேசைக்கு அது வேண்டாம்.