மார்புயர விட்டமா, நெஞ்சுமட்டச் சுற்றளவா?

வெள்ளவத்தையிலிருந்து:

குழும உறவுகளுக்கு வணக்கம். எங்கள் ஒழுங்கைகளில் நிற்கும் மரங்களைப் பதிய ஒரு தரவுத்தளம் செய்கிறோம். மரத்துக்கு மரம் ஓர் இலக்கம், இனம், இடம், உயரம், நிலைமை. படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு கட்டத்தின் தலைப்பில் சிக்கிக்கொண்டோம்: நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் பருமன். 'மார்பளவு விட்டம்' என்று போட்டிருந்தோம். ஒத்திகை அன்று ஒரு மாணவி தன் நெஞ்சுக்கு நேரே மருதமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து, 157 என்று எழுதினாள். அது சுற்றளவு. விட்டம் 50 சென்ரிமீற்றர்தான். ஆனால் ஒன்றரை மீற்றர் விட்டம் என்று பதிவாகிவிட்டது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, 'மார்பளவு' தையற்காரர் சொல், விடுங்கள். 'மார்புயர விட்டம்' போடுங்கள். உக்குறள் மெய்விட்டோடி அழகாகப் புணர்கிறது. இன்னும் செறிவு வேண்டுமானால் சங்கப் பாடல்களின் 'ஆகம்' இருக்கிறது: ஆகவுயரம். அதோடு, தென்னை பனையையும் மரமென்றா பதிகிறீர்கள்? 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது தொல்காப்பியம். காழ் என்னும் வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளிப்புறத்தில் இருப்பதால் அவை புல்.

தெகிவளையிலிருந்து:

ஐயா, ஆகவுயரம் என்றால் பிள்ளைகள் 'ஆக உயரம்' என்று வாசித்து மரத்தின் உச்சியை அளப்பார்கள். ஆனால் புறக்காழ் பற்றிச் சொன்னீர்களே, அது எங்களுக்கு மிகவும் தேவை. வேம்பு, மருது போலத் தென்னை ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. அதன் வளர்ச்சியை உயரத்தில்தான் பார்க்கவேண்டும். அகக்காழ், புறக்காழ் என்று ஒரு கட்டம் சேர்க்கிறேன்.

சொல்லுக்கு என் தெரிவு 'நெஞ்சுமட்டச் சுற்றளவு'. வெள்ளம் வந்தால் நெஞ்சுமட்டத் தண்ணீர் என்கிறோமே, ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. விட்டம் வேண்டாம். நாடா காட்டுவது சுற்றளவு, அளந்ததையே சேமிப்போம், 3.14 ஆல் வகுப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். அக்கா, அளவுகளை மரத்தின் அட்டவணையிலேயே வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு அதே மரத்தை அளக்கும்போது பழைய எண் அழிந்துபோகும். திகதியோடு தனி அட்டவணை வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, மார்பு உறுப்பு, நெஞ்சு உள்ளம். வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று அதிகாரம் வைத்தது எதற்கு? விளங்குகிறது என்பதற்காகப் பொருளை நழுவவிடக்கூடாது.

சென்னையிலிருந்து:

சுற்றளவு சரி. ஆனால் இலங்கைக்கு ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்றானால் நாளைக்குத் தரவுகளை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

வெள்ளவத்தையிலிருந்து:

சென்னை நண்பருக்குச் சொல்ல என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. அச்சகம் காத்திருக்கிறது. ஐந்து பேர் நெஞ்சுமட்டத்துக்கு இசைந்ததால் அதையே போட்டுவிட்டேன். ஆளுக்காள் நெஞ்சு மாறுமென்பதால் குழுவுக்கு ஒன்றாக 1.3 மீற்றர் தடியும் வெட்டிவைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தடி இருக்கும்போது நெஞ்சு எதற்கு, தங்கச்சி? 'தடிமட்டம்' என்றே போட்டிருக்கலாமே.