எச்.ஆர். துறை உருப்படியாக வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

டேஷ்போர்டு தொழிலாளி:
மாதா மாதம் எச்.ஆர். அறிக்கை தயாரிப்பது என் வேலை. எத்தனை பேரை எடுத்தோம், காலியிடம் நிரம்ப எத்தனை நாள், எத்தனை மணி நேரப் பயிற்சி, எல்லாமே பச்சை. நிதித்துறைத் தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, உங்கள் துறையே இல்லாவிட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். பதில் வரவில்லை. நீங்கள் எதை அளக்கிறீர்கள்?

கோப்பன்:
ஐ.எஸ்.ஓ. 30414 பாருங்கள், மனிதவள அறிக்கைக்கான சர்வதேசத் தரநிலை. 2018-ல் வந்தது. ஆளெடுப்புச் செலவு, விலகல், அடுத்த பொறுப்புக்கு ஆள் தயாரா என்பது வரை பட்டியல் இருக்கிறது.

பழைய பஞ்சாங்கம்:
பட்டியலுக்கா பஞ்சம்? உங்கள் அறிக்கையில் இருப்பது எச்.ஆர். எவ்வளவு ஓடியாடியது என்ற கணக்கு. அதனால் என்ன மாறியது என்பது அதில் இல்லை.

காலியிடம் நிரம்பும் நாட்களையே எடுங்கள். நான் இருந்த ஓர் இடத்தில் அதற்கு இலக்கு வைத்தார்கள். ஆஃபர் கடிதம் போன அன்றே காலியிடத்தை மூடிவிடுவார்கள். ஆள் வந்து சேராவிட்டால் அதே வேலைக்குப் புது எண்ணில் இன்னொன்று திறப்பார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அறிக்கை பளபளவென்று இருந்தது, நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு புள்ளிவிவரத்தைக் கடிவாளமாகப் பிடித்தால் அது பழையபடி நடக்காது என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே பணக் கொள்கையை வைத்துச் சொல்லிவிட்டார்.

நான் முதலில் பார்ப்பது, சேர்ந்து ஒரு வருடத்துக்குள் தானாக விலகியவர்களை, மேலாளர் வாரியாக. மொத்த சராசரி ஒன்றும் சொல்லாது. ஒன்பது குழுக்களில் ஒருவரும் போகாமல், பத்தாவது குழு மட்டும் காலியாகிக்கொண்டிருக்கலாம். அப்புறம், சம்பளம் போட்ட பிறகு எத்தனை திருத்தம் என்று பாருங்கள். சப்பையான எண்தான், ஆனால் அது முழுக்க நம் கைவேலை. விலகல் அப்படியில்லை: சம்பள பட்ஜெட்டை வெட்டுவது நிதித்துறை, ஆள் போனால் கேள்வி நமக்கு! இதையும் உங்கள் நிதித்துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

மௌனசாட்சி:
புகார் எண்ணிக்கையிலும் கவனம். எங்களிடம் அது பூஜ்யமானதும் மேலே கைதட்டினார்கள். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே கசிந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

டேஷ்போர்டு தொழிலாளி:
மேலாளர் வாரியாகப் பிரித்தேன். மூன்று பேர் குழுவில் ஒருவர் போனாலே 33% என்று சிவப்பாகிறது. மேலாளர் சண்டைக்கு வருகிறார்.

பழைய பஞ்சாங்கம்:
சின்னக் குழுவுக்குச் சதவீதம் போடாதீர்கள். இரண்டு வருடக் கணக்கைச் சேர்த்து, தலையை எண்ணி எழுதுங்கள்.