பிகேபாஸ் கோப்பைத் திறக்காத திறன்பேசி: குறை யாருடையது?

கடலோடி:
என் திறன்பேசியில் இருப்பது பின்லாந்தின் யோலா நிறுவனம் உருவாக்கிய செயில்ஃபிஷ் இயங்குதளம். ஆர்வலர்கள் தழுவி வெளியிட்ட பதிப்பு என்பதால் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் வசதி இதில் கிடையாது. சென்ற வாரம் இணையத்தில் செக்-இன் முடித்ததும் விமான நிறுவனம் போர்டிங் பாஸை ஒரு பிகேபாஸ் கோப்பாக மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியது. சீட்டுகளையும் அட்டைகளையும் பேசியில் சேமித்துவைக்கும் வாலட் செயலிக்கான கோப்பு அது. பேசியோ அதைத் திறக்கவே மறுத்துவிட்டது.

2012இல் ஐபோன் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 6 உடன் ஆப்பிள் அறிமுகப்படுத்திய இவ்வடிவம் உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான். மடிக்கணினியில் பிரித்துப் பார்த்தேன். நிறுவனச் சின்னம், மின்கையொப்பம், பயண விவரங்கள் அடங்கிய பாஸ்.ஜேசன் என்னும் எழுத்துக் கோப்பு எல்லாம் இருந்தன. பார்கோடு படம் மட்டும் இல்லை. பாஸ்.ஜேசனில் உள்ள ஒரு வரியைப் படித்து, வாலட் செயலிதான் பார்கோட்டை வரைகிறது. அந்த வரியை ஜின்ட் என்னும் கட்டற்ற மென்பொருளில் இட்டு ஆஸ்டெக் என்னும் சதுர வடிவப் பார்கோடாக வரைந்து, படமாகப் பேசியில் சேமித்துக்கொண்டு பயணம் செய்தேன். ஒரு வரி எழுத்துக்காகப் பயணியை ஐ.ஓ.எஸ்., ஆண்ட்ராய்டு என்னும் இரண்டு இயங்குதளங்களுக்குள் அடைத்துவைப்பது அநியாயம் என்பதே என் வாதம்.

முகப்புப்பணி:
பதினோரு ஆண்டுகள் செக்-இன் முகப்பில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். கோப்பில் எதையும் யாரும் மாற்றவில்லை என்பதற்கான சான்றே அந்த மின்கையொப்பம். நீங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் படத்தை நீட்டுகிறீர்கள். அந்தப் படம் ஸ்கேன் ஆகாவிட்டால் பின்னால் நிற்கும் நூற்றைம்பது பேரும் காத்திருக்க வேண்டும். மேலும், வாயில் எண்ணோ இருக்கையோ மாறினால் வாலட்டில் உள்ள பாஸ் தானாகப் புதுப்பிக்கப்படும்படி நிறுவனங்கள் அமைக்க முடியும். உங்கள் படம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

வெண்பலகை:
முகப்புப்பணி ஐயாவின் இரண்டாவது கருத்து சரியானது; முதலாவதை ஏற்க இயலவில்லை. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்ப்பது வாலட் செயலியே தவிர, வாயிலில் இருக்கும் ஸ்கேனர் அன்று. ஸ்கேனர் படிப்பது விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் பொதுத் தரத்தில் எழுதப்பட்ட வரியை மட்டுமே. ஒற்றைப் பயணத்துக்கு அதன் கட்டாயப் பகுதி 60 எழுத்துகள்: தொடக்கத்தில் எம்1, பெயருக்கு 20 இடங்கள், பிறகு முன்பதிவுக் குறியீடு, புறப்படும் ஊர், சேரும் ஊர், விமான எண், ஆண்டின் எத்தனையாவது நாள், இருக்கை எனச் செல்லும்.

கடலோடி செய்த வழியில் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் 20 எழுத்துக்குக் குறைந்தால் மீதி இடம் வெற்றிடங்களால் நிரப்பப்பட்டிருக்கும். உலாவியில் திறந்து நகலெடுக்கும்போது அவை ஒற்றை வெற்றிடமாகச் சுருங்கிவிட்டால், அதன் பின்னுள்ள புலங்கள் அனைத்தும் இடம் பெயர்ந்துவிடும்; குறி அழகாக வரையப்பட்டிருந்தாலும் ஸ்கேனர் ஏற்காது. இணையத்தில் பார்கோடு வரைந்து தரும் தளங்களில் இவ்வரியை ஒருபோதும் இடாதீர்கள். குடும்பப் பெயரும் முன்பதிவுக் குறியீடும் கிடைத்தால், பல நிறுவனங்களின் தளங்களில் வேறொருவர் உங்கள் பயணச்சீட்டுக்குள் நுழைந்துவிடலாம்.

முகப்புப்பணி:
கையொப்பம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் வெற்றிடங்களை எண்ணிப் பார்க்கும் பொறுமை எத்தனை பயணிகளுக்கு இருக்கும்? முகப்புக்கு வந்து அச்சுப்படி கேட்பதில் என்ன இழுக்கு?

கடலோடி:
இழுக்கு ஏதுமில்லை, ஐயா. அந்த அச்சுப்படியே மறைந்துவருவதுதான் என் கவலை. அயர்லாந்தின் விமான நிறுவனமான ரையன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் காகித போர்டிங் பாஸை விலக்கித் தன் செயலிக்கே மாறிவிட்டது.

முகப்புப்பணி:
செக்-இன் முடித்த பிறகு பேசி தொலைந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ விமான நிலையத்தில் கட்டணமின்றி உதவுவதாக அதே நிறுவனம் அறிவித்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடலோடி:
சொல்கிறேன். ஆனால் என் பேசி தொலையவில்லை, அதன் மின்கலமும் தீரவில்லை. கையில் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. பிகேபாஸை அனுப்பும் அதே மின்னஞ்சலில் ஒரு பக்க பி.டி.எஃப். ஒன்றையும் இணைத்தால் போதும். எந்தப் பேசியிலும் அது திறக்கும், முகப்பில் உங்கள் வேலையும் குறையும்.

முகப்புப்பணி:
பி.டி.எஃப். கேட்பதில் உங்களோடு நிற்கிறேன். தாமே வரைந்த குறியோடு வருபவரிடம் மட்டும், அரை மணி நேரம் முன்னதாகவே முகப்புக்கு வந்து அதை ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளும்படி இன்றும் சொல்வேன்.