ரோம், புளோரன்ஸ், வெனிஸ்: இத்தாலோவா, ஃப்ரெச்சாரோசாவா? அம்மாவோடு போகிறேன்

சிப்புட் பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சுங்கை சிப்புட். வருகிற பள்ளி விடுமுறையில் அம்மாவையும் அக்காவையும் இத்தாலிக்குக் கூட்டிப் போகிறேன். அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், முட்டி போய்விட்டது, இதுதான் முதல் வெளிநாடு (சிங்கப்பூரெல்லாம் கணக்கில் வராது என்று அவரே சொல்லிவிட்டார்). இங்கே மலேசியாவில் ஈடிஎஸ் விரைவு ரயில் ஒன்றுதான், எந்தக் கம்பெனி வண்டி என்று யோசித்ததே இல்லை. அங்கே பார்த்தால் ஒரே ஊருக்கு அரசாங்கத்து ஃப்ரெச்சாரோசா ரயிலும் தனியார் இத்தாலோ ரயிலும் மாறி மாறி ஓடுகின்றன, விலையும் காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. எதை எடுப்பது?

தைப்பிங் அக்கா:
தம்பி, நான் இரண்டிலும் போனேன், உட்கார்ந்த பிறகு எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே தண்டவாளம், உச்ச வேகமும் அதே 300 கிலோமீட்டர்தான். ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணிக்குக் கொஞ்சம் கூட. கம்பெனியை விடுங்கள், ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். வெனிஸில் சாந்தா லூசியாவில் இறங்கினால் வாசலிலேயே கால்வாய். மெஸ்த்ரே என்பது கடலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கிறது. நான் அவசரத்தில் மெஸ்த்ரேக்கு எடுத்துத் தொலைத்து, மூன்று பெட்டியையும் இழுத்துக்கொண்டு இன்னொரு லோக்கல் ரயில் பிடித்தேன். பத்து நிமிஷப் பயணம்தான், ஆனால் அந்த அலைச்சல் உங்கள் அம்மா முட்டிக்கு ஆகாது. ரோமில் தெர்மினி, புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா, இப்படியே எடுங்கள். புளோரன்ஸை அங்கே ஃபிரென்சே என்றுதான் எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

ஈப்போ மாமா:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ரொம்ப மலிவான டிக்கெட்டை மாற்ற முடியாது. லாபம் என்று நினைத்து எடுத்தேன், ஹோட்டலில் சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் போனால் வண்டி கிளம்பிவிட்டது, பணம் போனது போனதுதான். அடுத்த வண்டி வேறு கம்பெனியுடையது, அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு இதில் ஏற முடியாது. வயதானவரோடு போகும்போது கொஞ்சம் கூடக் கொடுத்து மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடு. ஃப்ரெச்சாரோசாவுக்கு ஒரு நாளில் வண்டிகளும் அதிகம், மாற்ற வசதி. 2012இல் இத்தாலோ ஓட ஆரம்பித்ததால்தான் இப்படிப் பேரம் பேசவாவது முடிகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், அங்கே ரயில் வேலைநிறுத்தம் சகஜம், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். போகிற வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்.

சிப்புட் பையன்:
நன்றி மாமா, அக்கா. மாற்றக்கூடியதாகவே எடுக்கிறேன். ஸ்டேஷனுக்கு எவ்வளவு முன்னால் போவது? அம்மா புளிச்சோறு கட்டுவேன், ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன் என்று இப்போதே சண்டை.

தைப்பிங் அக்கா:
அரை மணி நேரம் முன்னால் போனால் போதும். பலகையில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் பெயர்தான் வரும், புளோரன்ஸ் போகிற வண்டிக்கு மிலானோ, தொரினோ என்றெல்லாம் இருக்கும், அதனால் டிக்கெட்டில் உள்ள ரயில் நம்பரைத் தேடுங்கள். பினாரியோ என்றால் பிளாட்பாரம். பிளாட்பார நம்பர் வண்டி கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போதுதான் பலகையில் விழும், உடனே எல்லாரும் ஓடுவார்கள். அம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பலகைக்குக் கீழே நில்லுங்கள். சாப்பாட்டை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நாங்கள் ரொட்டியில் சம்பால் நெத்திலி வைத்துத் தின்றோம். ஜன்னல் சீட்டை ரோம்–புளோரன்ஸுக்கு அம்மாவிடம் கொடுங்கள், திராட்சைத் தோட்டமெல்லாம் தெரியும். புளோரன்ஸ் தாண்டினால் பொலோன்யா வரை 78 கிலோமீட்டரில் 70க்கும் மேல் சுரங்கம், ஜன்னலில் நம் முகம்தான் தெரியும். புளிச்சோற்றுப் பொட்டலத்தை அப்போது பிரிக்கச் சொல்லுங்கள்.