முதலுதவி வகுப்பு முடித்தும் கை ஓடவில்லை, உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

மழைக்காகம்:
இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பயிற்சி முடித்தேன், சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் படியில் எனக்கு முன்னால் ஏறியவர் அப்படியே சரிந்தார், வாய் மட்டும் கரையில் போட்ட மீன் மாதிரி விட்டு விட்டுத் திறந்து மூடியது. மூச்சு இருக்கிறதே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பின்னால் வந்த ஓர் அம்மா என்னைத் தள்ளிவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். ஆள் பிழைத்துவிட்டார், எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அலுவலகத்தில் 40 பேர் இருக்கிறோம், என்னைப் போல நிற்காமல் நிஜமாகவே இறங்கிச் செய்ய இவர்களை எப்படிப் பழக்குவது?

இரவுப்பணி:
அந்த மீன் மூச்சு, மூச்சே இல்லைங்க. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு அப்படி இழுக்கும், ஏமாறாதவர்கள் குறைவு. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் உதவிக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு அழுத்த வேண்டியதுதான், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை, முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. அதற்காகக் கையை எடுத்துவிடாதீர்கள். திடீரென்று சரிந்த பெரியவர் என்றால் வாயில் ஊதாமல் அழுத்துவது மட்டுமே கூடப் போதும். குழந்தை, நீரில் மூழ்கியவர் என்றால் மூச்சும் கொடுக்க வேண்டும்.

பழைய குடை:
ஒருநாள் வகுப்பு சில மாதத்தில் மறந்துவிடும். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையைத் தரையில் போட்டு 15 நிமிடம் பழகுகிறோம், படம் போட்டு விளக்குவதெல்லாம் கிடையாது. கஷ்டம் அழுத்துவதில் இல்லை, கத்துவதில்தான். "யாராவது போன் பண்ணுங்க" என்றால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். "நீலச் சட்டை, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, கண்ணாடிக்காரரே, நீங்க ஏ.இ.டி. எடுத்துட்டு வாங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும் (ஏ.இ.டி. என்பது இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் கருவி). முதல் தடவை எங்கள் மேலாளருக்குக் குரலே எழும்பவில்லை, கூட்டத்தில் அப்படிக் கத்துகிறவர்! ஏ.இ.டி. கருவியைக் கண்டு பயப்படவே வேண்டாம், அதுவே பேசி வழி சொல்லும், தேவையில்லை என்றால் ஷாக் கொடுக்காது.

கறிவேப்பிலை:
எடுத்த எடுப்பில் இதய நிறுத்தம் என்றால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். சின்னதில் ஆரம்பியுங்கள். என் தங்கைக்குக் கை வெந்தபோது நான் பற்பசையைத் தடவி வைத்து, அதை மருத்துவமனையில் சுரண்டி எடுத்தார்கள், அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருந்தால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடிக்க வேண்டும், அண்ணாந்து பார்க்கச் சொல்லக் கூடாது. இப்படி ஒன்றிரண்டைச் சரியாகச் செய்தவர்தான் அடுத்ததற்கும் கை வைக்கிறார்.

மழைக்காகம்:
சரி, திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன். பொம்மை இல்லையே, என்ன செய்ய?

பழைய குடை:
முதல் தடவைக்குக் கெட்டியான தலையணை போதும். ஆழம் பிடிபடாது, தாளமும் குரலும் வந்துவிடும்.