ஒரு வாரம் ஆளில்லாத கடற்கரைல புடிச்சத மட்டும் சாப்ட்டு இருக்க முடியுமா?

அலைமேடு:
நாங்க மூணு பேர், ரோடே போகாத ஒரு கடற்கரைல போட்ல எறக்கி விட்டுட்டு ஏழாவது நாள் வந்து கூட்டிட்டு போவாங்க. சாப்பாடு எதுவும் எடுத்துக்காம மீன், முயல், பாறைல கெடைக்கிற சிப்பி இத வச்சே ஓட்டலாம்னு பிளான். வேட்டை லைசென்ஸ் இருக்கு, முயல் சீசனும் ஓபன்ல இருக்கு. எனக்கு தூண்டில் பழக்கம் உண்டு, மத்த ரெண்டு பேரும் நல்லா சுடுவாங்க. வயிறு நெறையற அளவுக்கு கெடைக்குமாங்கறதுதான் யோசனையா இருக்கு, போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

தங்கூசி:
ரெண்டு தடவ போயிருக்கேன் ப்ரோ. மொத தடவ நெறையவே கெடச்சுது, ஆனா நாலாவது நாள் வயிறு முட்ட தின்னும் கை கால்ல தெம்பே இல்ல, வயித்தால வேற போகுது, எண்ணெயும் கொழுப்பும் வேணும்னு மட்டும் மனசு கெடந்து அடிச்சுக்குது. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. காட்டு முயல்லயும் வெள்ளை சதை மீன்லயும் கொழுப்பு ரொம்ப கம்மி, 100 கிராம் மீனுக்கு 80, 90 கலோரிதான் வரும், நாள் பூரா பாறை ஏறி எறங்குற ஆளுக்கு 2500க்கு மேல வேணும், அப்ப ஒரு ஆளுக்கு மட்டும் முள் நீக்குன சதையே கிட்டத்தட்ட 3 கிலோ. அத புடிச்சாலும் அவ்ளோ புரோட்டீன ஈரல் தாங்காது. இதுக்கு முயல் பட்டினின்னே பேரு இருக்கு, முயல் தின்னுட்டே பட்டினி கெடக்கறது. அதனால ரெண்டாவது தடவ ஒரு லிட்டர் எண்ணெய் எடுத்துட்டு போனேன், அதுலயே 8000 கலோரி இருக்கு, ஆளே வேற மாதிரி இருந்தேன். நீங்களும் எடுத்துக்கங்க, இதுல வீராப்பு வேணாம். கானாங்கெளுத்தி மாதிரி கொழுப்பு மீன் மாட்டுனா தோல உரிக்காதீங்க, தலையையும் விடாதீங்க.

பாறைநண்டு:
தங்கூசி அண்ணன் சொன்னது சரி, ஆனா நாள் முடிவு பண்றதுக்கு முன்னாடி நிலாவ பாருங்க. அமாவாசை, பௌர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல தண்ணி ரொம்ப தூரம் வத்தும், மத்த நாள்ல கண்ணுலயே படாத பாறையெல்லாம் வெளிய வரும், நண்டு, நத்தை, பாசி எல்லாம் அங்கதான். முயலுக்கு விடிகாலையும் இருட்டற நேரமும்தான், நடுப்பகல்ல துப்பாக்கிய தூக்கிட்டு அலையறது வெறும் கலோரி செலவு. வத்துன நேரத்துல நாலஞ்சு தூண்டில் முள்ளு கட்டுன கயித்த பாறையோட கட்டி விட்டுட்டா அடுத்த வத்துல போய் எடுக்கலாம், நீங்க தூங்குறப்ப அது வேல பாக்கும் (உங்க இடத்துல அனுமதி இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க). வத்துற நேரம் தெனமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், எழுதி வச்சுக்கங்க. ஒருத்தர் கண்ணு கடல் மேலயே இருக்கணும், நான் நண்டு மும்முரத்துல திரும்பி பாக்கறதுக்குள்ள பின்னாடி இடுப்பளவு தண்ணி, இன்னிக்கும் நெனச்சா நடுங்குது.

உப்புக்காத்து:
சிப்பிய யாரும் சாதாரணமா எடுத்துக்காதீங்க, கெஞ்சி கேக்கறேன். சிப்பி, மட்டியெல்லாம் கடல்தண்ணிய வடிகட்டி திங்கற ஜாதி, கண்ணுக்கு தெரியாத சில நுண்பாசி பெருகுற சமயத்துல அதோட விஷம் சிப்பிக்குள்ள சேந்துரும். வாடை வராது, ருசி மாறாது, எவ்ளோ கொதிக்க வச்சாலும் போகாது. தண்ணி தெளிவா இருக்குங்கறதும் கணக்கு இல்ல. மொதல்ல உதடு மரமரங்கும், அப்புறம் கை கால், முத்துனா மூச்சே நின்னுரும், மருந்து கெடையாது, ஆஸ்பத்திரில மெஷின் வச்சு மூச்சு குடுக்கறதுதான் வழி. போட்டே ஏழு நாள் கழிச்சு வர்ற எடத்துல என்ன பண்ணுவீங்க? கெளம்பறதுக்கு முன்னாடி அந்த கடற்கரைல சிப்பி எடுக்க தடை இருக்கான்னு பாருங்க, சோதனையே நடக்காத எடம்னா தொடவே வேணாம். பேத்தை மீனும் அப்படித்தான், மாட்டுனா தூண்டில் நூல வெட்டி விட்ருங்க. கானாங்கெளுத்தி, சூரை ரெண்டும் வெயில்ல கெடந்தா அதுல வர்ற கெடுதலும் சமைச்சா போகாது, புடிச்ச கையோட குடல எடுத்துட்டு அன்னிக்கே தின்னுருங்க.

அலைமேடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சிப்பி கேன்சல். எண்ணெய் ரெண்டு லிட்டர், கொஞ்சம் மாவும் எடுக்கறோம், தேதிய பௌர்ணமிக்கு மறுநாளுக்கு மாத்திட்டோம். ஓடை ஒண்ணு மேப்ல தெரியுது, அத நம்பலாமா?

தங்கூசி:
மேப்ல இருக்கற ஓடை வெயில் காலத்துல காஞ்சு கெடக்கும் ப்ரோ. மொத மூணு நாளுக்கு தண்ணிய கேன்லயே கொண்டு போங்க, எறங்குனதும் போட்ட அனுப்பறதுக்கு முன்னாடி ஓடைய போய் கண்ணால பாத்துட்டு வாங்க. தண்ணி இல்லன்னா அதே போட்ல ஏறி திரும்பிருங்க.