காக்சை மாநாடு: ஆறு பக்கப் பேப்பரா, அப்ஸ்ட்ராக்ட் மட்டுமா?

நிலாமுற்றம் (கேள்வி)

காக்னிட்டிவ் சயின்ஸ் சொசைட்டி நடத்தும் ஆண்டு மாநாட்டுக்கு, அதாங்க காக்சைக்கு, முதல்முறையாக அனுப்பப் போகிறேன். தமிழ்ப் பெயரெச்சத் தொடர்களை வாசிக்கும் வேகம்தான் ஆய்வு. "மருத்துவரைத் தாக்கிய நோயாளி", "மருத்துவர் தாக்கிய நோயாளி" இந்த இரண்டில் எது வாசகருக்குச் சுலபம்? பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் திரையில் வரும், நேரம் பதிவாகும். தரவு வந்துவிட்டது, பகுப்பாய்வு பாதியில் நிற்கிறது.

முழுப் பேப்பர் போடுவதா, அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) போதுமா? 150 சொல்லில் எதைச் சொல்ல, எதை விட? இப்போதைய வரைவு "தமிழில் வாக்கிய வாசிப்பு ஆய்வுகள் மிகக் குறைவு" என்று தொடங்கி, "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடிகிறது. எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாதபடி பெயர் மறைக்கும் விஷயத்தில் எங்கே சறுக்குவார்கள் என்பதையும் சொன்னால் உதவி.

ஓரெழுத்து

முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் இடத்தைத்தான் அடைக்கின்றன.

காக்சையில் உங்கள் பேப்பரைப் படிப்பவர் மொழியியலாளராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. உளவியலிலோ கணினி மாதிரிகளிலோ வேலை செய்பவர் கைக்கும் போகும். "தமிழில் யாரும் செய்யவில்லை" என்றால் அவருக்கு அது காரணமே இல்லை. உலகில் யாரும் செய்யாத மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தமிழ் எதைப் பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும், உங்கள் ஆய்வில் அது கையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் முன்னால், தொடர் பின்னால். அங்கே எழுவாய் விடுபட்ட தொடர்தான் சுலபம் என்று தூரக் கணக்கும் (விடுபட்ட இடத்துக்கும் பெயருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பது) சொல்லும், இலக்கண அமைப்புக் கணக்கும் (வாக்கிய அமைப்பில் எழுவாய் செயப்படுபொருளைவிட மேலே இருப்பதால் எட்டச் சுலபம் என்பது) சொல்லும். தமிழில் தொடர் முன்னால் வருகிறது. "மருத்துவர் தாக்கிய நோயாளி"யில் விடுபட்ட செயப்படுபொருளின் இடம் "நோயாளி"க்குப் பக்கத்தில் இருப்பதால், தூரக் கணக்குப்படி இதுதான் சுலபமாக இருக்க வேண்டும். அமைப்புக் கணக்கோ "மருத்துவரைத் தாக்கிய" பக்கம் நிற்கும். இரண்டும் எதிரெதிராகப் போகும் இடம் இது. அப்ஸ்ட்ராக்டின் முதல் இரண்டு வாக்கியமும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கேள்வி உடனே வரும்: ஜப்பானியம், கொரியம், சீனம் எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால்தானே தொடர் வருகிறது, அங்கே நிறையச் செய்துவிட்டார்களே? இதற்கு ஒரு வாக்கியமாவது ஒதுக்குங்கள். வேற்றுமை உருபா, எழுவாய் இல்லாமலே வாக்கியம் ஓடுவதா, எதை வைத்து உங்கள் ஆய்வு வேறு என்று சொல்கிறீர்களோ அதைத் திட்டவட்டமாக எழுதுங்கள்.

சொற்களை உத்தேசமாக இப்படிப் பிரிக்கலாம்: சிக்கலுக்கு 45, முறைக்கு 35, முடிவுக்கு 45, மிச்சம் அதன் பொருளுக்கு. முறையில் பங்கேற்பாளர் எத்தனை, வாக்கியத் தொகுதி எத்தனை என்ற இரண்டு எண்ணும் கட்டாயம். முடிவில் திசையும் அளவும் வேண்டும்: "நோயாளி என்ற சொல்லில் இந்த வகை இத்தனை மில்லிசெகண்ட் வேகம், 95% நம்பக இடைவெளி இவ்வளவு முதல் இவ்வளவு வரை." "குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது" என்று மட்டும் எழுதினால் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

எது அனுப்புவது என்பது பகுப்பாய்வைப் பொறுத்தது. முழுப் பேப்பர் ஆறு பக்கம், இரண்டு பத்தி. ஏற்றுக்கொண்டால் பேச்சாகவோ போஸ்டராகவோ வரும், மாநாட்டுத் தொகுப்பில் முழுசாக அச்சாகும். மாணவர் பேப்பருக்கான மார் பரிசு வேண்டுமென்றாலும் இதுதான் வழி. சுருக்க வகையில் அப்ஸ்ட்ராக்ட் மட்டும் தொகுப்பில் போகும், அதனால் பிறகு ஜர்னலுக்கு அனுப்புவதில் வம்பில்லை. முழுப் பேப்பர் அச்சானபின் அதையே விரித்து அனுப்பினால் புதிதாக எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது ஜர்னலுக்கு ஜர்னல் வேறு. கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதும் புள்ளியியல் மாடல் ஓடி முடியவில்லை என்றால் நான் சுருக்கத்தைத்தான் சொல்வேன்.

குறுந்தாள்

முறை பற்றி ஒண்ணு. "மருத்துவரைத்" நீளமான சொல், "மருத்துவர்" குட்டை. அந்தச் சொல்லிலேயே நேரத்தை ஒப்பிட்டா எழுத்து எண்ணிக்கையைத்தான் அளக்கிறீங்க. "தாக்கிய", "நோயாளி", அதுக்கு அடுத்த சொல் மூணும் ரெண்டு வகையிலும் ஒண்ணேதான், ஒப்பீடு அங்க நடக்கட்டும். முந்தின சொல்லோட பாரம் "தாக்கிய" மேல வழியும்கிறதால அதோட நீளத்தையும் மாடல்ல சேருங்க. இன்னொண்ணு, "மருத்துவர்"னு வந்ததும் வாசகர் அதை முழு வாக்கியத்தோட எழுவாய்னு எடுத்துக்குவார், அடுத்த சொற்கள் வந்த பிறகுதான் திருத்துவார். கொரிய, ஜப்பானிய ஆய்வு படிச்ச ரிவ்யூவர் முதல்ல கேக்கிறது இதுதான்.

பெயர் மறைக்கிற விஷயம். முதல் பக்கத்துல பெயரை எடுக்க யாரும் மறக்கிறதில்ல, மாட்டுறது வேற இடத்துல. "இன்ன நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்தது"ன்னு ஒரு வரி. "எங்கள் முந்தைய ஆய்வில்"னு சொல்லி அடைப்புக்குறியில உங்க பெயர். நன்றியுரையில நிதி எண். பிடிஎஃப்பை அடோபி ரீடர்ல திறந்து கண்ட்ரோல்-டி அழுத்துங்க, ஆத்தர் கட்டத்துல வேர்ட் உங்க பெயரைப் போட்டு வச்சிருக்கும். ஓஎஸ்எஃப்ல (ஆய்வுத் தரவைப் பகிர்ற இணையதளம்) தரவு வச்சிருந்தா பார்வைக்கு மட்டுமான லிங்க் உருவாக்கும்போது அனானிமைஸ் கட்டத்தை டிக் பண்ணுங்க. அது பங்களிப்பாளர் பட்டியலைத்தான் மறைக்கும். ஃபைல் பெயர்லயோ ஆர் (புள்ளியியல் நிரல்மொழி) ஸ்கிரிப்டுல ஃபோல்டர் பாதையிலயோ உங்க பெயர் இருந்தா அப்படியே தெரியும்.

நிலாமுற்றம்

ரொம்ப நன்றி, முதல் இரண்டு வாக்கியத்தை மாற்றி எழுதுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போடலாமா? லேடெக்கில் (ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்) கொம்பு எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

தென்னங்கீற்று

பேப்பருக்குள் போடலாம், அப்ஸ்ட்ராக்டில் வேண்டாம். இணையதளப் பெட்டியில் ஒட்டிய அப்ஸ்ட்ராக்ட் நிகழ்ச்சி நிரலுக்கும் தேடலுக்கும் அப்படியே போகும், எழுத்துரு எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. சாய்வெழுத்துக்கான லேடெக் கட்டளைகளையும் அங்கே ஒட்டாதீர்கள், பின்சாய்கோடு சகிதம் அப்படியே தெரியும்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துகளைச் சேர்க்கும் வேலை நடக்காததால். பிடிஎஃப்லேடெக்கை விட்டு லேடெக்கின் இன்னொரு வகையான லுவாலேடெக்குக்கு மாறி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கூப்பிடும்போது ரெண்டரர் (எழுத்துகளைச் சேர்த்து வரையும் பகுதி) ஹார்ஃப்பஸ் என்று கொடுங்கள். ஸீலேடெக்கிலும் சரியாக வரும். "கொ", "கௌ", "ஸ்ரீ" மூன்றும் உள்ள ஒரு வரியைப் போட்டுச் சோதித்தால் போதும். மாறியபின் உடல் எழுத்து டைம்ஸ் 10 புள்ளியாகவே இருக்கிறதா என்று பாருங்கள், மாநாட்டு டெம்ப்ளேட் கேட்பது அதுதான். தமிழ் வரிக்குக் கீழே ரோமன் ஒலிபெயர்ப்பு, அதன்கீழ் உருபு உருபாகப் பிரித்த பொருள், பிறகு மொழிபெயர்ப்பு. ஒரு சோடி எடுத்துக்காட்டுக்கே எட்டு வரி போய்விடும், ஆறு பக்கத்தில் அதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு நேரமும் பலரைக் குழப்பும். ஏஓஇ (பூமியில் எங்கேயாவது அந்த நாள் முடியாதவரை) என்று போட்டிருந்தால் அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், கழித்தல் 12 மணி. அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. பசிபிக் நேரம் என்று போட்டிருந்தால், ஜனவரிக் கணக்குப்படி, மறுநாள் மதியம் 1.29தான். நான்கு மணி நேர வித்தியாசம், அறிவிப்பில் எது இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இணை ஆசிரியர்கள் பட்டியலை முதல் பதிவேற்றத்திலேயே முழுசாகக் கொடுங்கள். பிடிஎஃப்பைப் பிறகு மாற்ற வழி இருந்தாலும், கெடு முடிந்தபின் பெயர் சேர்க்க விடாமல் போகலாம்.